நீச்சல் குளத்துக்குப் போய் வந்தால் பையனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு: குளோரின் அதிகமா, குறைவா?

குடந்தை_தாய் · மே 4, இரவு 9.50

வணக்கம். கும்பகோணம் பக்கம் இருக்கிறோம். பையனுக்கு ஒன்பது வயது. நான் அரசலாற்றில்தான் நீச்சல் கற்றேன், ஆனால் இப்போது சித்திரையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறது, ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடமே திறந்துவிடும். அதனால் ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் புதிதாகக் கட்டியிருக்கும் ஒரு குளத்தில் லீவு வகுப்பில் சேர்த்தோம்.

நாலாவது நாளிலிருந்து அரிப்பு. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம், கழுத்து, இதெல்லாம் சிவந்து தடிக்கிறது. மற்ற இடங்களில் தோல் வறண்டு வெள்ளை பூத்தாற்போல் இருக்கிறது, கண் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது, ராத்திரி தூக்கத்திலும் சொறிந்துகொண்டே இருக்கிறான். கைக்குழந்தையாக இருந்தபோது கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் நோய்) இருந்தது, மூன்று வயதில் போய்விட்டது என்று நினைத்திருந்தோம்.

குளத்துக் கேட்டைத் தாண்டும்போதே மூக்கைத் துளைக்கும் வாடை. அங்கே இருப்பவரிடம் கேட்டால் "குளோரின் போட்டால் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும்" என்கிறார். வீட்டுக்காரர் மருந்துக் கடையில் ஒரு க்ரீம் வாங்கி வந்து போட்டார், இரண்டு நாள் அடங்கியது, மறுபடி வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா? இப்போதுதான் கையைக் காலை அடித்து மிதக்க ஆரம்பித்திருக்கிறான், நிறுத்தலாம் என்று சொன்னதற்கே அழுதுவிட்டான்.

வெண்ணாற்றங்கரை · மே 4, இரவு 10.15

சகோதரி, உடனே நிறுத்துங்கள். மருந்து கலந்த தண்ணீரில் பிள்ளையை ஊறவைக்க எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? எங்கள் ஊரில் பம்புசெட்டு தொட்டியிலும் குளத்திலும் விழுந்து எழுந்துதான் எல்லோரும் நீந்தினோம், ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்தால் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும், ஆடிப்பெருக்குக்குள் தானாகக் கற்றுக்கொள்வான்.

குளத்து_வேலை_தஞ்சை · மே 4, இரவு 11.05

அக்கா, நிறுத்துவதற்கு முன்னால் ஒரு விஷயம். நான் பதினான்கு வருடமாக நீச்சல் குளம் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன், ஓட்டல் குளம், வீட்டுக் குளம், பயிற்சிக் குளம் எல்லாம் பார்த்தாயிற்று. மூக்கைத் துளைக்கிற வாடை என்று எழுதியிருக்கிறீர்களே, அது குளோரின் அதிகமாக இருப்பதன் அடையாளம் இல்லை. பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். சரியாக வைத்திருக்கிற குளத்தின் பக்கத்தில் போய் நின்றால் வாடை லேசாகத்தான் தெரியும்.

குளோரின் தண்ணீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்கிற நிலையில் இருக்கும், அதை ஃப்ரீ குளோரின் என்போம். அதில் வியர்வை, சிறுநீர், உடம்பு எண்ணெய், தலையில் தேய்த்த எண்ணெய் எல்லாம் கலக்கும்போது குளோரின் அவற்றோடு சேர்ந்து குளோரமின் என்ற வேறு பொருளாகிவிடுகிறது. இந்தக் குளோரமின்தான் அந்த வாடை. கண் சிவப்பதும், மூக்கும் தொண்டையும் எரிவதும், தோல் நமநமவென்று அரிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். கிருமியைக் கொல்லும் வேலையை இது சரியாகச் செய்யாது. ஆக, அங்கே செலவாகிப்போன குளோரின் நிறைய இருக்கிறது, வேலை செய்கிற குளோரின் இல்லை.

இரண்டாவது, பி.எச். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டுகிற எண் அது, 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். 7.5-ல் இருந்தால் போட்ட குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியத்தோடு இருக்கும், 8-ல் கால்வாசி, 8.5-க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான். மீதி தண்ணீரில் சும்மா கிடக்கும். அதற்கு மேல் காரத்தண்ணீர் தோலையே உலர்த்தும், சோப்பு நுரையிலேயே மணிக்கணக்காக நின்ற மாதிரி. நம்ம பக்கம் போர் தண்ணீர் பல ஊரில் இயல்பாகவே 8-க்குப் பக்கத்தில் இருக்கும், அதோடு பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் இன்னும் ஏறும். அங்கே என்ன போடுகிறார்கள்? ஃபில்டர் ஓடுகிறதா? பகலில் குளத்தின் தரை தெரிகிறதா அல்லது பால் கலந்த மாதிரி இருக்கிறதா?

குடந்தை_தாய் · மே 5, காலை 6.30

அண்ணா, இவ்வளவு விவரம் இதுவரை யாரும் சொல்லவில்லை. ஃபில்டர் அறை என்று ஒன்று பூட்டியே கிடக்கிறது, மோட்டார் ஓடுகிற சத்தம் நான் கேட்டதில்லை. வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுவதாகச் சொன்னார்கள். புதிதாக விட்ட நாளில் தெளிவாக இருக்கும், மூன்றாம் நாளே கலங்கிவிடும். மூலையில் வெள்ளை மூட்டை இருக்கிறது, சாயங்காலம் ஒரு பையன் அதிலிருந்து கையால் அள்ளி வீசுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த பத்து நிமிடத்தில் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள்.

மேல்நிலைத்_தொட்டி · மே 5, காலை 7.10

தங்கச்சி, நான் பாபநாசம் பக்கம் ஒரு ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். கையால் அள்ளி வீசுகிறார்கள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிளீச்சிங் பவுடரை அப்படிப் போடவே கூடாது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும்தான் தொட்டியில் ஊற்றுவோம். தூளாக வீசினால் கரையாத கட்டி அடியில் போய் உட்காரும், பிள்ளை காலை வைக்கிற இடத்தில் அது இருந்தால் தோல் வெந்துபோகும். உங்கள் பையனுக்கு உள்ளங்காலிலும் தொடையிலும் தனித்தனியாகச் சிவப்புப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவும் ஒரு கணக்குதான். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிராம் போட்டால் ஒரு பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின். ஒரு லட்சம் லிட்டர் குளத்துக்கு அதுவே முந்நூறு கிராம். ஆனால் மூட்டையைத் திறந்து போட்டு ஈரக்காற்று பட்டால் வீரியம் இறங்கிக்கொண்டே போகும், அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் சுண்ணாம்புதான் சேரும். குடிதண்ணீருக்குக் கடைசிக் குழாயில் 0.2 இருந்தால் போதும் என்று எங்களுக்கு விதி, தினமும் குளோராஸ்கோப்பில் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். குளத்துக்கு இன்னும் அதிகம் வேண்டும், அது தஞ்சைத் தம்பிக்குத் தெரியும். அந்தக் குளத்தில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

குளத்து_வேலை_தஞ்சை · மே 5, காலை 8.00

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. குளத்தில் ஃப்ரீ குளோரின் குறைந்தது 1 இருக்க வேண்டும், நான் 2-ஐ ஒட்டி வைப்பேன். வெயில் இன்னொரு பெரிய விஷயம். திறந்தவெளிக் குளத்தில் நம்ம சித்திரை வெயில் இரண்டு மூன்று மணி நேரத்தில் குளோரினைத் தின்றுவிடும். காலையில் போட்டது மத்தியானம் இருக்காது. அதனால்தான் சாயங்காலம் வந்து அள்ளிக் கொட்டுகிறார்கள், பிள்ளைகளும் அதே நேரத்தில் இறங்குகிறார்கள். ராத்திரி ஆள் இல்லாதபோது கரைத்து ஊற்றி, காலையில் சோதித்துவிட்டு இறக்க வேண்டும்.

மருந்தாளுநர்_ஆரூர் · மே 5, மதியம் 2.20

திருவாரூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். தண்ணீரைப் பற்றி அவர்கள் பேசட்டும், எனக்குக் கவலை அந்த க்ரீம் மேல்தான். அம்மா, டியூபைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அதோடு பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று மூன்றையும் கலந்து ஒரே டியூபில் வரும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், விட்டதும் திரும்பும், அதனால் மறுபடி வாங்குவார்கள். கழுத்திலும் மடிப்பிலும் குழந்தைக்குத் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும். ஒருவேளை அது படையாக இருந்தால் ஸ்டீராய்டு போடப் போட அது உள்ளுக்குள் பரவி, அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிடும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். இப்படி வருகிறவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. வீரியமான ஸ்டீராய்டு க்ரீமை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுக்கிற கடைகள் இருக்கின்றன என்பதும் உண்மை.

நீங்கள் சொன்ன இடங்களைப் பார்த்தால் பழைய கரப்பான் திரும்பத் தலையெடுத்த மாதிரி தெரிகிறது. கரப்பான் உள்ள தோலுக்கு எண்ணெய்ப் பசை ஏற்கனவே குறைவு, குளத்துத் தண்ணீர் இருக்கிற பசையையும் எடுத்துவிடும். இதைக் குளோரின் அலர்ஜி என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இது பெரும்பாலும் அலர்ஜி இல்லை, உறுத்தலால் வருகிற எரிச்சல். குளோரின் கரப்பானுக்கு விஷம் என்றும் நினைக்க வேண்டாம், புண் வைத்த கரப்பானுக்கு மிக மிக நீர்த்த பிளீச் தண்ணீரில் குளிக்கச் சொல்கிற தோல் மருத்துவர்களே உண்டு. அதை அவர்கள் அளந்து சொல்ல வேண்டும், வீட்டில் நாமாகச் செய்யக் கூடாது.

வேறு சிலதும் குளத்து அரிப்பு என்று வரும். நீச்சல் உடை மூடியிருந்த இடத்தில் மட்டும் மயிர்க்காலைச் சுற்றிச் சிவந்த கொப்புளம், சிலது சீழ் வைத்து, குளித்த சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வந்தால் அது குளோரின் குறைவான தண்ணீரில் வளரும் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா. தண்ணீரிலிருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் திட்டுத் திட்டாய் வீங்கி, ஒரு மணி நேரத்தில் இடம் மாறி மறைந்தால் காணாக்கடி. விரலிடுக்கில் அரித்து, ராத்திரி அதிகமாகி, வீட்டில் எல்லோரும் சொறிந்தால் அது சிரங்கு, குளத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. மூச்சு இழுத்தாலோ உதடு வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குடந்தை_தாய் · மே 5, மாலை 4.05

டியூபைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பெயர்தான், குளோபெட்டசால். கையெல்லாம் நடுங்கிவிட்டது. நாளைக்கே தோல் மருத்துவரிடம் காட்டுகிறேன்.

அத்தை_மன்னை · மே 5, மாலை 6.40

கண்ணு, பயப்படாதே, சில நாள் போட்டதில் ஒன்றும் ஆகிவிடாது. எங்கள் பேத்திக்கும் போன வருடம் இதே தொந்தரவுதான். தண்ணீரில் இறங்கும் முன் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தேங்காய் எண்ணெய் பூசி அனுப்பினேன், வந்ததும் நலங்குமாவு தேய்த்துக் குளிப்பாட்டினேன், சரியாகிவிட்டது. சோப்பே தொடவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தால் குளோரின் வாடை போகும் என்றும் சொல்கிறார்கள்.

குளத்து_வேலை_தஞ்சை · மே 5, இரவு 7.30

அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள், முன்னால் எண்ணெய் பூசுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முப்பது பிள்ளையும் எண்ணெய் பூசி இறங்கினால் அத்தனையும் தண்ணீரில்தான் மிதக்கும். இருக்கிற குளோரின் அதைத் தின்னவே சரியாகப் போகும். சாயங்காலம் குளத்து ஓரம் டைல்ஸில் பிசுக்கு ஒரு விரல் கனத்துக்கு நிற்பதை நான் உரசி உரசி எடுத்திருக்கிறேன்.

மருந்தாளுநர்_ஆரூர் · மே 5, இரவு 8.10

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உடம்பு முழுக்க எண்ணெய் வேண்டாம். கரப்பான் இருக்கிற மடிப்புகளில் மட்டும் வெள்ளை வாஸ்லின் மெல்லிசாகத் தேய்த்து அனுப்பலாம், அது தண்ணீரில் எளிதில் கரையாது. வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தாராளமாகப் பூசுங்கள், அங்கேதான் அத்தை வைத்தியம் நன்றாக வேலை செய்யும். நலங்குமாவு நைசாக இருந்தால் சரி, கொரகொரப்பாகத் தேய்த்தால் ஏற்கனவே கீறிய தோல் இன்னும் எரியும். எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம் அம்மா. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்துப்போகும், கறை போக மாதங்கள் ஆகும். குளோரினை முறிப்பது வைட்டமின் சி என்பது உண்மைதான், அதற்குச் சுத்தமான அஸ்கார்பிக் ஆசிட் பொடி ஒரு சிட்டிகையை ஒரு சொம்பு தண்ணீரில் கரைத்து ஊற்றி அலசினால் போதும், நீச்சல் போட்டிக்குப் போகிறவர்கள் செய்வதுதான். தோல் கீறி எரிந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை · மே 5, இரவு 9.00

இவ்வளவு சிக்கல் எதற்கு என்றுதான் இன்னமும் கேட்கிறேன். ஆற்றுக்கு இந்தப் பி.எச். எல்லாம் கிடையாது.

பயிற்சியாளர்_மாயவரம் · மே 5, இரவு 10.20

ஐயா, நானும் காவிரியில் கற்றவன், ஆற்றின் மேல் உள்ள பாசத்தில் உங்களுக்குக் குறைந்தவன் இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாடு இறங்குகிற, நத்தை நிறைந்த குளத்திலும் வயல் தண்ணீரிலும் நின்றால் காலெல்லாம் பொரிப்பொரியாக அரிக்குமே, அது மாட்டிலிருந்து நத்தை வழியாக வருகிற கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு தோலைத் துளைப்பதால். நடவு நட்டவர்களுக்கெல்லாம் தெரியும். அதனால் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை என்பது சரியில்லை, வந்தது, அதை நாம் சேற்றரிப்பு என்று சொல்லிவிட்டு வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டோம்.

அடுத்தது அதைவிடப் பெரியது. நாம் நீந்திய ஆற்றின் அடி இப்போது இல்லை. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரருக்கே தெரியாது. கொள்ளிடத்தில் இடுப்பளவு தண்ணீர் என்று இறங்கினால் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். என்னிடம் கற்ற பிள்ளை ஒருவன் அப்படிப் போய்விட்டான், அதன் பிறகு நீந்தத் தெரியாத பிள்ளையை ஆற்றில் இறக்கிக் கற்றுக்கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. குளத்தில் கற்று முடித்து, பெரியவர் துணையோடு ஆற்றுக்குப் போகட்டும்.

சகோதரி, என் வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்பு. இறங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஷவரில் ஒரு நிமிடம் நன்றாக நனைய வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும், முக்கால் மணிக்கு ஒருமுறை எல்லோரையும் ஏற்றி மறுபடி கழிவறைக்கு அனுப்புவேன். ஏற்கனவே நல்ல தண்ணீரில் ஊறிய தோலும் முடியும் குளத்துத் தண்ணீரைக் குறைவாக இழுக்கும், குளத்திலும் அழுக்கு சேராது. இதை ஆரம்பித்த வருடமே கண் எரிச்சல் புகார் பாதிக்கும் கீழே போய்விட்டது. நனைந்த ஜட்டியோடு வேனில் வீட்டுக்குப் போகவும் விடமாட்டேன்.

வெண்ணாற்றங்கரை · மே 5, இரவு 10.45

அந்தப் பிள்ளைக்காக வருந்துகிறேன் சார். ஆற்றடி மாறிவிட்டது என்பது எனக்கும் தெரியும், சொல்லும்போது பழைய ஆறுதான் கண்ணில் நிற்கிறது. சகோதரி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

குடந்தை_தாய் · மே 9, இரவு 9.15

மருத்துவர் கரப்பான்தான் என்றார். வீரியம் குறைந்த ஒரு க்ரீமை ஐந்து நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார், மற்றபடி வாஸ்லின். நீச்சலை ஒரு வாரம் நிறுத்திவைக்கச் சொன்னார், முழுவதும் விட வேண்டாம் என்றார்.

ஆன்லைனில் சோதனைப் பட்டை வாங்கினேன். இன்று மற்ற இரண்டு அம்மாக்களோடு போய்க் குளத்துத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தோம். ஃப்ரீ குளோரின் 0.5, மொத்தக் குளோரின் 3, பி.எச். பட்டையில் இருக்கிற கடைசி நிறமான 8.4. பொறுப்பாளர் முதலில் கோபப்பட்டார், தன்னிடமும் சோதனை மருந்து இருக்கிறது, மஞ்சள் நிறம் வருகிறது, குளோரின் போதுமான அளவு இருக்கிறது என்று காட்டினார். எதை நம்புவது?

குளத்து_வேலை_தஞ்சை · மே 9, இரவு 9.50

இரண்டும் சரிதான் அக்கா, அதுதான் விஷயமே. மஞ்சளாகிற மருந்து மொத்தக் குளோரினைக் காட்டும், ஃப்ரீ எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. ரோஸ் நிறம் வருகிற டி.பி.டி. மாத்திரைதான் ஃப்ரீ குளோரினைத் தனியாகக் காட்டும். உங்கள் கணக்கில் மூன்றில் அரை போக 2.5 முழுக்கக் குளோரமின். அது 0.4-க்குள் இருக்க வேண்டும். அவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. என் நம்பரை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவரைப் பேசச் சொல்லுங்கள், காசு எதுவும் வேண்டாம்.

இந்த அளவுக்குப் போனதை மருந்து போட்டுச் சரிசெய்ய, குளோரமினைப் போலப் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையில் ஏற்ற வேண்டும், 25 பி.பி.எம். ஃபில்டர் ஓடாத குளத்தில் அதைவிடத் தண்ணீரை மாற்றுவதே மேல். மாற்றும்போது வாய்க்காலில் திறந்துவிட வேண்டாம், மீன் செத்துப்போகும். குளோரின் போடாமல் இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டுப் பிறகு தென்னைக்குப் பாய்ச்சட்டும். புதுத் தண்ணீருக்கு ஆசிட் ஊற்றிப் பி.எச்.சை 7.4-க்கு இறக்க வேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றுக்கொன்று தொடவே கூடாது, ஒரே வாளியை இரண்டுக்கும் எடுத்தாலும் விஷவாயு கிளம்பிவிடும். இதை அந்தப் பையனிடம் நேரில் சொல்லுங்கள், போனில் கேட்டால் மறந்துவிடுவான்.

மேல்நிலைத்_தொட்டி · மே 10, காலை 6.50

நோட்டுப் போடச் சொல்லுங்கள் தங்கச்சி. தேதி, நேரம், பி.எச்., குளோரின், நாலே கட்டம். சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினால் யாரும் ஏமாற்ற முடியாது.

குடந்தை_தாய் · மே 21, இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். தஞ்சை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். பூட்டிக்கிடந்த ஃபில்டர் அறையைத் திறந்தால் மோட்டாருக்கு வயரே போடவில்லை, மணல் ஃபில்டர் மட்டும் புதிதாக இருந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு இரண்டு நாளில் எலெக்ட்ரீஷியனை வைத்து ஓடவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாயில் ஷவர் மாட்டியிருக்கிறார்கள். சுவரில் நோட்டு இல்லை, கரும்பலகை. இன்று சாயங்காலம் எழுதியிருந்தது: பி.எச். 7.6, ஃப்ரீ 1.5. என் பட்டையிலும் கிட்டத்தட்ட அதேதான் காட்டியது. வாடை இல்லை.

பையன் மூன்று நாளாகப் போகிறான். மடிப்பில் வாஸ்லின், வந்ததும் குளியல், அத்தை சொன்ன தேங்காய் எண்ணெய். இடது முழங்கையில் மட்டும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது, நேற்று ராத்திரி சொறியாமல் தூங்கினான். இன்றைக்குக் குளத்தின் குறுக்கே ஒரு முறை நிற்காமல் நீந்திவிட்டு, மூச்சு வாங்க என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

அத்தை_மன்னை · மே 21, இரவு 8.55

அந்த முழங்கைக்கு ராத்திரி படுக்கும்போது இன்னொரு கை எண்ணெய் வை கண்ணு.

மருந்தாளுநர்_ஆரூர் · மே 21, இரவு 9.30

வையுங்கள். ஒரு வாரத்தில் அந்தச் சிவப்பு போகவில்லை என்றால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள், பழைய டியூபை மட்டும் எடுக்காதீர்கள். இன்னும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.